சென்னையிலிருந்து ஜித்தா: வானில் 6 மணி, வழியில் 32 மணி

(உம்ரா பயணிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடத்தப்பட்ட வழிகாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

  

உம்ராவின் பர்ளு, வாஜிபு, சுன்னத்துகளை எல்லாம் ஹஜ்ரத் அவர்கள் விரிவாகச் சொன்னார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சிறியது: பயண தூரமும் நேரமும். "இதில் பேச என்ன இருக்கு? டிக்கெட்டிலேயே போட்டிருக்கே" என்று வாசலில் ஒரு காக்கா கேட்டார்கள். டிக்கெட்டில் போட்டிருப்பதைச் சரியாகப் படிக்காததால் நம் ஊரில் என்னென்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் நிற்கிறோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையம் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 4,450 கி.மீ. பூமியைச் சுற்றிவர ஏறத்தாழ 40,000 கி.மீ. என்றால், நாம் போவது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. பூமியின் சுற்று 360 பாகை. நம் பயணம் 40 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. கணக்குச் சரியாக வந்துவிடும்.

இந்த "ஒரு பாகைக்கு எவ்வளவு தூரம்" என்ற கேள்வியை நம் முன்னோர் சும்மா விடவில்லை. கலீபா மஃமூன் அவர்களின் காலத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிஞ்சார் சமவெளியில் அறிஞர்களை அனுப்பி, வானத்து உயரத்தைப் பார்த்தபடியே தரையில் நடந்து அளக்க வைத்தார்கள். பிறகு வந்த அல்பீரூனி, கஸ்னா நகரத்திலிருந்து கிப்லா எந்தத் திசை என்று கண்டுபிடிப்பதற்காக, ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டு ஒரு நூலே எழுதினார்கள். தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டும் என்ற தேவைதான் அவர்களைப் பூமியை அளக்க வைத்தது.

இன்னொரு விஷயம். தட்டையான உலகப் படத்தில் பார்த்தால் ஜித்தா நமக்கு மேற்கே, கொஞ்சம் வடக்கே தெரியும். உருண்டையான பூமியில் இரண்டு ஊருக்கு இடையே மிகக் குறுகிய வழி ஒரு வில் போல இருக்கும். சென்னையிலிருந்து அந்த வில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காகச் சாய்ந்து கிளம்புகிறது. சென்னைக்கு கிப்லாவும் அதே சாய்வில்தான் இருக்கிறது. மக்காவும் ஜித்தாவும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதால், நாம் ஆயுள் முழுக்க எந்தக் கோட்டைப் பார்த்து ஸஜ்தா செய்தோமோ, ஏறக்குறைய அதே கோட்டின் மேலேயே விமானம் போகிறது. கர்நாடகத்தைக் கடந்து, அரபிக் கடல், ஓமான், ரப்உல் காலி பாலைவனம், அப்புறம் தாயிஃப் பக்கம். வான்வழித் தடங்களையும் வானிலையையும் பொறுத்து விமானம் கொஞ்சம் வளைந்து போகும். தூரம் சற்றுக் கூடும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். ஒரு டிக்கெட்டில் "சென்னை புறப்பாடு 10:00, ஜித்தா வருகை 13:30" என்று இருந்தது. வீட்டில் எல்லாரும் மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துக்கொண்டார்கள். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஜித்தாவில் 13:30 என்றால் நமக்கு மாலை 4 மணி. ஆக, பயணம் ஆறு மணி நேரம். திரும்பும்போது நேர்மாறு: இரவு 10 மணிக்கு அங்கே ஏறி, மறுநாள் காலை 6 மணிக்கு இறங்கினால் எட்டு மணி நேரம் போலத் தெரியும், உண்மையில் ஐந்தரை மணிதான். திரும்பும் வழி கொஞ்சம் குறைவதற்குக் காரணம் காற்று. குறிப்பாகக் குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று, போகும்போது எதிர்க்கும். வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

நோன்பு வைத்துக்கொண்டு பகலில் மேற்கே பறப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்கரேகையில் 41 பாகை வித்தியாசம். ஆக உங்கள் பகல் ஏறத்தாழ 2 மணி 44 நிமிடம் நீளும். நம் ஊர் இஃப்தார் நேரம் கைக்கடிகாரத்தில் வந்துவிட்டது என்று திறந்துவிடக் கூடாது. நீங்கள் இருக்கும் உயரத்தில் உங்கள் கண்ணுக்குச் சூரியன் மறைய வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய அனுமதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சிலர் ஒரே விமானத்தில் போகாமல் துபாய் வழியாகப் போகிறீர்கள். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ.; துபாய்–ஜித்தா சுமார் 1,700 கி.மீ. கூட்டினால் 4,630. நேராகப் போவதைவிட 180 கி.மீ. தான் அதிகம். ஆனால் இடையில் காத்திருப்பு நான்கு மணியா, பதினான்கு மணியா என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கும். பணம் கொடுக்கும் முன் முகவரிடம் "இடையில் எத்தனை மணி நேரம்?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். எழுபது வயது உம்மாவை இரவெல்லாம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, டிக்கெட் மலிவு என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

நம் ஊர் வாசலிலிருந்து ஒரு கணக்குப் போடுவோம். வியாழன் மாலை 6 மணிக்கு வீட்டிலிருந்து துஆ ஓதிப் புறப்படுகிறோம். ராமநாதபுரத்தில் ரயில் ஏறி, வெள்ளி காலை சென்னை. நண்பகலுக்கெல்லாம் விமான நிலையம். மாலை 4 மணிக்கு விமானம். நம் நேரப்படி இரவு 10 மணிக்கு ஜித்தா. அங்கே அப்போது மணி 7:30. கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டி எடுப்பது என்று இரண்டு மணி நேரம். அங்கிருந்து மக்கா ஏறத்தாழ 100 கி.மீ.; பஸ்ஸில் நிறுத்தி நிறுத்திப் போக இரண்டு மணி. அறைக்குள் கால் வைக்கும்போது நம் நேரம் சனி அதிகாலை 2 மணி. மொத்தம் 32 மணி. அதில் வானத்தில் ஆறு மணிதான். மீதி 26 மணியும் தரையில். அந்த 26 மணிக்குத் தயாராகுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போடாதீர்கள். விமானத்தில் தண்ணீர் குடியுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் "ஆறு மணி நேரம் ஆச்சே, போன் வரலையே" என்று பதறாதீர்கள். இங்கே விமான நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து அங்கே சிம் கிடைக்கும் வரை அரை நாள் ஓடிவிடும்.

தூரமும் நேரமும் ஒன்றையொன்று நெருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் மீக்காத். கப்பல் காலத்தில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு மீக்காத் யலம்லம். 1995-இல் மும்பை–ஜித்தா கப்பல் பயணம் நின்றுபோனது. அந்தக் காலத்தில் கடலில் நாட்கணக்கில் போவார்கள். குளித்து, இஹ்ராம் கட்டி, நிய்யத் செய்ய நிதானமாக நேரம் இருந்தது. இன்று விமானம் பெரும்பாலும் தாயிஃப் பக்கம் கர்னுல் மனாஸில் எல்லையைத் தாண்டித்தான் ஜித்தாவுக்கு இறங்குகிறது. அந்த எல்லை வருவது தரையிறங்குவதற்கு ஏறத்தாழ இருபது, முப்பது நிமிடத்துக்கு முன். நடுவானில் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கி.மீ. பறக்கிறது. நீங்கள் கண்ணயர்ந்த பத்து நிமிடத்தில் 140 கி.மீ. போய்விடும். ஜித்தாவில் இறங்கி நிய்யத் செய்துகொள்ளலாம் என்று உம்ரா பயணி இருந்துவிட்டால், மீக்காத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அல்லது தம் கொடுக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு வந்த ஒரு பெரியவர், இஹ்ராம் துணியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, அதை விமான நிலையத்தில் கொடுத்துவிட்டார். நடுக்கடலுக்கு மேலே போன பிறகுதான் சொன்னார். அந்த மனிதர் சிறுபிள்ளை போல அழுததை எங்களால் மறக்க முடியவில்லை. அல்லாஹ்வின் கிருபை, பின் இருக்கையில் ஒருவரிடம் இன்னொரு ஜோடித் துணி இருந்தது. ஆகவே, சென்னை விமான நிலையத்திலேயே, அல்லது மாறிப் போகும் ஊரிலேயே, இஹ்ராம் துணியை உடுத்திவிடுங்கள். நிய்யத்தையும் தல்பியாவையும் மீக்காத் அறிவிப்பு வரும்போது, அல்லது பேணுதலுக்காகச் சற்று முன்பே, செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் வந்துவிட்ட சகோதரிகள் தயங்க வேண்டாம்; அவர்களும் மீக்காத்தில் இஹ்ராம் நிய்யத் செய்ய வேண்டும். தவாஃப் மட்டும் சுத்தமான பிறகு. முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

தொழுகை பற்றி ஒரு வார்த்தை. கஸ்ருத் தொழுகைக்கான தூரத்தை நம் இமாம்கள் நாள் கணக்கில்தான் சொன்னார்கள். ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடை. நடந்தும் ஒட்டகத்திலும் போன காலத்தில் தூரம் என்பதே நேரம்தான். பிற்காலத்தார் அதை ஏறக்குறைய 80 கி.மீ. என்று கணக்கிட்டார்கள். ஷாஃபி சகோதரர்கள் ஜம்உ செய்து, விமானம் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தொழ முடியும். ஹனஃபி சகோதரர்கள் வக்து வந்தால் விமானத்திலேயே தொழ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முறையை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே, இனிச் சொல்லப்போவதுதான் இந்தத் தலைப்பை நாங்கள் கேட்டு வாங்கியதற்குக் காரணம்.

நம் மஹல்லாவில் ஒரு வாப்பா வெள்ளிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூத்த மகன் ஜித்தாவில் வேலை. போனில் அழுதுகொண்டே சொன்னார்: "வாப்பாவ வைங்க. ஆறு மணி நேரந்தான். வந்துர்றேன்." வீட்டார் எங்களைப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம்தானே, அஸருக்குள் வந்துவிடுவார் என்று தலையசைத்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

நடந்தது என்ன? அன்று அங்கே விடுமுறை. முதலாளியின் அனுமதி கிடைத்து, வெளியேறும் விசா வரும்போது நம் நேரம் மாலை 5 மணி. 13 மணி நேரம் போய்விட்டது. நேர் விமானத்தில் இடமில்லை. வேறு ஊர் வழியாகப் போகும் விமானம் புறப்பட இரவு 10:30. இடையில் மாறி, சென்னையில் இறங்க மறுநாள் காலை 8:30. வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து காரில் ஊருக்கு எட்டரை மணி நேரம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வாசலில் வந்து நின்றார். 38 மணி நேரம். அதில் அவர் வானத்தில் இருந்தது ஏழு மணி நேரம்கூட இல்லை.

அந்த 38 மணியும் மையித்து குளிர்பெட்டியில் இருந்தது. அஸர் என்றோம், மஃரிப் என்றோம், காலை ஃபஜ்ர் என்றோம். ஒவ்வொரு வக்துக்கும் கபர்ஸ்தானில் ஆள் வந்து காத்திருந்து திரும்பினார்கள். கணவரை இழந்த அந்த உம்மா, பெட்டியின் மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஜனாஸாவை விரைந்து அடக்க வேண்டும் என்பது நபிவழி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் "இனிக் காத்திருக்க வேண்டாம்" என்ற சொல்லைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மகனிடம் அதைச் சொல்வது யார்?

சில வாரம் கழித்து, திரும்பப் போகும் முன் அந்த மகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "என் வாப்பாவ ரெண்டு நாள் காக்க வச்சுட்டேன். எனக்கு அந்த நேரம் ஒண்ணும் புரியல. 'நாங்க அடக்கிர்றோம், நீ மெதுவா வா'ன்னு நீங்க யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவர் துக்கத்தில் இருந்தார். கணக்குப் போட வேண்டியது நாங்கள். விமான நேரத்தைப் பயண நேரம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் தவறு.

அதன் பிறகுதான் அறக்கட்டளையில் உட்கார்ந்து பேசி, ஹஜ்ரத் அவர்களின் ஆலோசனையோடு ஒரு தாள் தயாரித்தோம். அதைத்தான் இப்போது உங்கள் கையில் கொடுக்கிறார்கள். உம்ரா, ஹஜ் போகிறவர்களும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் புறப்படும் முன் நிரப்பித் தர வேண்டிய தாள். கேள்விகள் மூன்றுதான்.

ஒன்று: நான் அங்கே இல்லாதபோது என் தாய், தகப்பன், மனைவி, மக்களில் யாருக்கேனும் அல்லாஹ்வின் நாட்டம் வந்துவிட்டால், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அல்லது, இந்த வக்து வரை மட்டும் காத்திருங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு இன்னாருக்கு.

இரண்டு: எனக்கு அங்கே மௌத் வந்தால் அங்கேயே அடக்க என் குடும்பத்தார் சம்மதிக்கிறார்கள். மக்காவிலோ மதீனாவிலோ மௌத்தாகும் பயணிகளைப் பெரும்பாலும் ஹரமில் ஜனாஸா தொழுது அங்கேயே அடக்கிவிடுவார்கள். பலர் அதை ஒரு பாக்கியமாகவே கருதுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் இங்கே அண்ணன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் என்று பேச்சு கிளம்பக் கூடாது.

மூன்று: நான் கொடுக்க வேண்டிய கடன், என்னிடம் உள்ள அமானிதம், யாரிடம் எவ்வளவு. இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. பயணத்துக்கு முன் வஸிய்யத் எழுதிவைப்பது ஸாலிஹீன்களின் பழக்கம்.

வர முடியாமல் போன மகனுக்கு மார்க்கம் கதவை அடைக்கவில்லை. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி அவர்களுக்கு நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவிலிருந்தே ஜனாஸா தொழுதார்கள். அதைக் கொண்டு ஷாஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா உண்டு. ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. ஆனால் துஆவுக்கும் ஸதகாவுக்கும் கபர் ஸியாரத்துக்கும் எந்த மத்ஹபிலும் தடை இல்லை. துஆவுக்கு விசா வேண்டாம், 4,450 கி.மீ. அதற்கு ஒரு தூரமே இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "நல்ல காரியத்துக்குப் போகும்போது மௌத்தைப் பத்திப் பேசுறாங்களே" என்று சங்கடப்படாதீர்கள். இஹ்ராம் என்று நாம் உடுத்துவதே இரண்டு வெள்ளைத் துணி. அதைக் கட்டிக்கொள்கிறவர் இந்தத் தாளுக்குப் பயப்படலாமா? போன வருடம் ஒரு ராத்தா இதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "இப்பத்தான் மனசு லேசாச்சு, இனி நிம்மதியா தவாஃப் செய்வேன்" என்றார்கள்.

தாளை இன்று இரவே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி நிரப்புங்கள். பயணி ஒப்பமிட்டால் போதாது. பொறுப்பேற்பவரும் ஒப்பமிட வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி எங்கள் அலுவலகத்தில் இருக்கும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை.

யா அல்லாஹ்! புறப்படும் இந்த மக்களின் பயணத்தை இலேசாக்கி, அவர்களுடைய உம்ராவை ஏற்றுக்கொள்வாயாக. அவர்கள் திரும்பி வரும்வரை அவர்கள் விட்டுச்செல்லும் குடும்பத்தை நீயே பாதுகாப்பாயாக. தூர தேசத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெற்றோரின் முகத்தை ஆரோக்கியத்தோடு காணும் பாக்கியத்தைத் தருவாயாக. அந்தப் பாக்கியம் கிடைக்காதவர்களின் மனத்தை நீயே ஆற்றுவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.